பள்ளி 4.10-க்கு விடுகிறது, வேலை 5.30-க்கு விடுகிறது: பள்ளி நேரத்தை மாற்றலாமா?

கெடிலக்கரை, திருப்பாதிரிப்புலியூர்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே நான் இதுவரை குடிநீர், தெருவிளக்கு பற்றித்தான் எழுதியிருக்கிறேன். இன்று வீட்டு விஷயம் ஒன்றைக் கொண்டுவருகிறேன். என் வீட்டோடு நிற்கிற விஷயமாக இது தெரியவில்லை.

சிப்காட்டில் ஒரு கம்பெனி லேப்பில் வேலை பார்க்கிறேன். ஜெனரல் ஷிப்ட், காலை 8.30 முதல் மாலை 5.30 வரை. கம்பெனி பஸ் எங்கள் தெருமுனைக்கு 7.45-க்கு வரும். மாலையில் இறக்கிவிடும்போது 6.10 ஆகிவிடும். என் கணவருக்குப் புதுச்சேரியில் வேலை, 7 மணிக்குக் கிளம்பினால் இரவு 8-க்குத்தான் வருவார். மகள் அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. பள்ளி 9.20-க்குத் தொடங்கி 4.10-க்கு விடுகிறது. காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேட வேண்டும். மாமியார் இருந்தவரை இது ஒரு கவலையாகவே தெரியவில்லை. போன வருஷம் அவர் தவறிவிட்டார்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். மகளை வழக்கமாகக் கூட்டிவரும் பக்கத்து வீட்டு அக்காவுக்குத் திடீர்க் காய்ச்சல். வர முடியாது என்று எனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். லேப்புக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. பஸ்ஸில் ஏறிய பிறகுதான் பார்த்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால் பள்ளி கேட் பூட்டியிருந்தது. எதிரே பூ விற்கும் பாட்டியின் தார்ப்பாய்க்கு அடியில் மகள் உட்கார்ந்து, கனகாம்பரத்தை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாட்டி என்னைத் திட்டவில்லை. "பசிக்குதுன்னுச்சு, டீயும் பன்னும் வாங்கிக் குடுத்தேம்மா" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

நான் யாரையும் குறை சொல்லவில்லை. பள்ளி நேரம் முடிந்தது, பூட்டிவிட்டுப் போனார்கள். ஆனால் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. ஊரில் பாதிப் பேருக்கு வேலை 5.30, 6 மணிக்கு முடியும்போது பள்ளி மட்டும் ஏன் 4.10-க்கு முடிய வேண்டும்? அதையும் 8.30 முதல் 5.30 வரை என்று மாற்றினால் என்ன? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.


வில்லியனூர்க்காரன், புதுச்சேரி

அக்கா, உங்கள் பதிவை வீட்டில் படித்துக் காட்டினேன். "இது நம்ம கதைதானே" என்றாள் மனைவி.

நான் சேதராப்பட்டில் சூப்பர்வைசர். அவள் நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையில் இருக்கிறாள். காலை 10-க்குப் போனால் இரவு 9 ஆகும். தீபாவளி சமயத்தில் இன்னும் நேரமாகும். பையன்கள் இருவர், ஐந்தாவதும் இரண்டாவதும். 3.45-க்குப் பள்ளி விடும். நான் வீடு சேர 6.30. நடுவில் டியூஷன். உண்மையைச் சொன்னால் சின்னவனுக்கு டியூஷன் தேவையே இல்லை. ஒரு கூரைக்கு அடியில், ஒரு பெரியவர் கண்ணில் படும்படி இருக்கட்டும் என்றுதான் இருவருக்கும் சேர்த்து மாதம் 1,600 ரூபாய் கொடுக்கிறோம். அங்கே போய் மறுபடியும் அதே வாய்ப்பாட்டை எழுதுகிறான். பள்ளியில் ஒரு தடவை, டியூஷனில் ஒரு தடவை, வீட்டுப்பாடமாக ஒரு தடவை. ஏழு வயசுப் பிள்ளைக்கு அப்புறம் படிப்பின் மேல் என்ன ஆசை வரும்?

அதனால் நேரத்தை மாற்ற வேண்டும் என்பதை முழு மனசோடு ஆதரிக்கிறேன். அரசு நினைத்தால் முடியும். 2023-இல் புதுச்சேரியில் பெண் அரசு ஊழியர்கள் வீட்டில் பூஜை செய்ய வசதியாக மாதத்தில் 3 வெள்ளிக்கிழமை காலையில் 2 மணி நேரம் தாமதமாக வரலாம் என்று அறிவித்தார்கள். பூஜைக்காக அலுவலக நேரத்தை நகர்த்த முடிகிறது. பிள்ளையைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவருவதற்கும் நகர்த்தலாம்தானே?


சாக்பீஸ் டீச்சர், பண்ருட்டிப் பக்கம்

கெடிலக்கரை, அந்தப் பாட்டியின் தார்ப்பாயை நினைத்தால் எனக்கும் நெஞ்சு பதறுகிறது. ஆனாலும் 8.30 முதல் 5.30 வரை பள்ளி என்பதை என்னால் ஏற்க முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-ஐ எடுத்துப் பாருங்கள். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள், 800 மணி நேரம் கற்பித்தல். ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1000 மணி நேரம். வகுத்துப் பாருங்கள். சின்னப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 4 மணி நேரம், நடுநிலைப் பிள்ளைக்கு நாலரை மணி நேரம். அதற்குமேல் இருப்பதெல்லாம் சாப்பாடு, விளையாட்டு, இடைவேளை, மனசை ஆறவிடும் நேரம். நான் 19 வருஷமாகத் தொடக்க வகுப்பு எடுக்கிறேன். மதியம் 3 மணிக்கு மேல் என் பிள்ளைகள் முகத்தைப் பார்த்தால் தெரியும், அதற்குமேல் ஒரு எழுத்தும் உள்ளே போகாது. பென்சிலைக் கடிப்பார்கள், தூங்கி விழுவார்கள், பக்கத்துப் பிள்ளையின் ரிப்பனை அவிழ்ப்பார்கள். அந்தப் பிள்ளையை இன்னும் ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்தால் அதற்குப் பெயர் படிப்பு இல்லை.

இன்னொன்று. ஆசிரியர்களில் எத்தனை பேர் அம்மாக்கள் என்று யோசித்தீர்களா? நான் காலை 7.20 பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். என் மகன் வேறு பள்ளியில் படிக்கிறான். நான் 5.30 வரை பள்ளியில் இருந்தால் அவனை யார் பார்ப்பார்கள்? உங்கள் பிரச்சினையை எடுத்து என் வீட்டு வாசலில் வைத்த மாதிரி ஆகிவிடும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். காலைப் பக்கம் பள்ளிக் கதவு ஏற்கெனவே கொஞ்சம் முன்னால் திறந்துவிட்டது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அதன் பிறகு 8.15-க்கே எங்கள் பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். சமைப்பது மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். அந்தப் பெண்களின் பிள்ளைகளும் அதே பள்ளியில்தான் படிக்கிறார்கள். பாட வேளையை ஒரு நிமிஷம்கூட நீட்டாமல் பள்ளியில் இருக்கும் நேரம் நீண்டிருக்கிறது. வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று எங்கள் ஊர் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். காலையில் செய்ததை மாலையிலும் செய்யலாம். அதைப் பேசுவோம். பாட நேரத்தைத் தொடாதீர்கள்.


கெடிலக்கரை, திருப்பாதிரிப்புலியூர்

டீச்சர், 4 மணி நேரக் கணக்கு எனக்கு இதுவரை தெரியாது. நன்றி. காலை உணவு பற்றி நீங்கள் சொன்னது சரி. அதனால்தான் காலையில் ஒருவழியாகச் சமாளிக்கிறேன். 7.40-க்கு அக்கா வீட்டில் விட்டால் 8.15-க்கு அவர் பள்ளியில் விட்டுவிடுவார். பொங்கல் போட்ட நாளில் மகள் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிடுகிறாளாம்.

நீங்கள் சொன்ன பிறகு எனக்கே கேள்வி மாறிவிட்டது. என் மகள் இன்னும் ஒன்றரை மணி நேரம் படிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பத்திரமாக இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.


மஞ்சக்குப்பம் மைதானம், கடலூர்

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளை வளரும் வரை அம்மா கொஞ்ச வருஷம் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தால் இந்தக் கேள்வியே வராதே. எங்கள் அம்மா அப்படித்தான் எங்களை வளர்த்தார்.


கெடிலக்கரை, திருப்பாதிரிப்புலியூர்

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை சார். ஆனால் நேராகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கடன் தவணை என் சம்பளத்தில்தான் போகிறது. ஐந்து வருஷம் விட்டுவிட்டுத் திரும்பி வந்தால் என் லேப் நாற்காலி எனக்காகக் காத்திருக்காது. படித்த வேதியியலும் எனக்குப் பிடித்த வேலையும் என் வாழ்க்கையில் ஒரு பகுதி. "அப்பா வேலையை விடலாமே" என்று நீங்கள் எழுதவில்லை என்பதை மட்டும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.


துறைமுகத்துப் பொண்ணு, கடலூர் முதுநகர்

நான் பெரும்பாலும் படிப்பதோடு சரி. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் அம்மா மீன் விற்றவர். இரவு 3 மணிக்கு எழுந்து துறைமுகத்துக்குப் போவார். விசைப்படகு வந்ததும் ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கம் போவார். மதியம் 2 மணிக்குத் திரும்பி வருவார். அவருக்கு 4 மணிக்குப் பள்ளி விடுவது ஒரு பிரச்சினையே இல்லை. குளித்து, சோறாக்கி, வாசலில் எனக்காகக் காத்திருப்பார். காலைதான் பிரச்சினை. நானும் தம்பியும் தனியாக எழுந்து, நான் அவனுக்குத் தலை வாரிவிட்டு, பழைய சோற்றைக் கரைத்துக் கொடுத்து, கதவைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போவோம். அப்போது எனக்கு எட்டு வயசு.

ஏப்ரல் 15-இல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்று இப்போது இருக்கிறதே, அந்த மாதிரி விசைப்படகு ஓடாத நாட்களில் மீன் வரத்து குறையும், அம்மா காலையில் வீட்டில் இருப்பார். கையில் காசு இருக்காது. ஆனால் கண் விழித்தால் அம்மா முகம் தெரியும். பள்ளியும் அப்போது லீவு. அம்மா இருக்கும்போது பள்ளி இல்லை, பள்ளி இருக்கும்போது அம்மா இல்லை.

அதனால்தான் கேட்கிறேன். பெற்றோர் வேலை நேரம் என்று சொல்கிறீர்களே, எந்தப் பெற்றோர்? 8.30–5.30 வேலை பார்ப்பவர்களுக்காக மணி அடித்தால் முதுநகரில் பாதி வீட்டுக்கு அது பொருந்தாது. மஞ்சக்குப்பம் சார், எங்கள் அம்மா வேலையை விட்டிருந்தால் நான் நர்ஸ் ஆகியிருக்க முடியாது. அதையும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.


மஞ்சக்குப்பம் மைதானம், கடலூர்

மன்னிக்கணும்மா. நான் என் வீட்டை மட்டும் வைத்துப் பேசிவிட்டேன். தொடர்ந்து படிக்கிறேன்.


மூன்றாம் ஷிப்ட், நெய்வேலி

தங்கச்சி கேட்டதுதான் என் கேள்வியும். நான் சுழல் ஷிப்டில் இருப்பவன். ஒரு வாரம் காலை 6 முதல் 2, அடுத்த வாரம் 2 முதல் இரவு 10, அதற்கடுத்து இரவு 10 முதல் காலை 6. எந்தப் பள்ளியாலும் எனக்கு ஏற்றபடி மணி அடிக்க முடியாது.

இரண்டாம் ஷிப்ட் வாரத்தை மட்டும் சொல்கிறேன். மதியம் 1 மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புவேன், அப்போது பாப்பா பள்ளியில் இருப்பாள். இரவு 11-க்கு வருவேன், தூங்கியிருப்பாள். எனக்குக் கிடைப்பது காலை 7-இலிருந்து 9 வரை. பல் தேய்க்கும்போது கதை, சாப்பிடும்போது கதை, சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போகும்போது கதை. பள்ளியை 8.30-க்கு மாற்றினால் அதில் முக்கால் மணி நேரம் போய்விடும். ஜெனரல் ஷிப்ட் பெற்றோருக்கு லாபம், எனக்கு நஷ்டம். அந்த வாரம் முழுக்க மகளோடு எனக்கு இருப்பதே அந்த இரண்டு மணி நேரம்தான். தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள்.

ஷிப்ட் பட்டியலை ஒரு மாதம் முன்னால் கொடுத்தால் போதும். பட்டியல் கையில் இருந்தால் மச்சானிடமோ பக்கத்து வீட்டிலோ முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொள்வேன். ஞாயிறு ராத்திரி போன் செய்து "நாளைக்கு ஷிப்ட் மாத்திட்டோம்" என்றால் நான் என்ன செய்வேன்?


மஞ்சள் ஆட்டோ, கடலூர்

ஸ்கூல் ஆட்டோ ஓட்டுகிறேன், 14 வருஷம். ரோட்டில் இருப்பவன் கண்ணுக்கு ஒன்று தெரியும், அதைச் சொல்கிறேன்.

காலையில் எனக்கு இரண்டு டிரிப். 7.50-க்கு ஒன்று, 8.35-க்கு ஒன்று. லாரன்ஸ் ரோடும் இம்பீரியல் ரோடும் 8.30-இலிருந்து 9.15 வரை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பள்ளி வேன், சிப்காட் பஸ், கலெக்டர் ஆபீஸ் போகிறவர்கள், பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும் வண்டிகள் எல்லாம் அப்போதுதான். பள்ளியும் ஆபீசும் ஒரே நேரத்துக்கு என்று வைத்தால் ஒவ்வொரு பிள்ளையும் அந்த நெரிசலில்தான் போயாக வேண்டும். இப்போது இருக்கும் அரை மணி, முக்கால் மணி வித்தியாசம்தான் கொஞ்சம் மூச்சு விட வைக்கிறது.

2025 ஜூலை 8 காலையில் செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதியதை இந்த ஊர்க்காரர் யாரும் மறக்க முடியாது. மூன்று பிள்ளைகள் போய்விட்டார்கள். அன்றிலிருந்து கேட் திறந்திருந்தாலும் நான் வண்டியை நிறுத்தி, இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் தாண்டுகிறேன். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். அவசரம் வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பெற்றோர் 7.45 பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்கள், நான் மணி அடிப்பதற்குள் ஓட்டுகிறேன், பிள்ளை பின்னால் உட்கார்ந்திருக்கிறது. பள்ளிக் கதவு கொஞ்சம் முன்னாலேயே திறந்திருந்தால் எங்களுக்கு இந்த ஓட்டம் குறையும்.


குருசுக்குப்பம், புதுச்சேரி

என் அக்கா பிரான்சில் இருக்கிறாள், பாரிசுக்கு வெளியே ஒரு சின்ன ஊர். நம் புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றில் இப்படி ஒருவர் அங்கே இருப்பார்கள். இந்த விவாதத்தைப் படித்துவிட்டு நேற்று அவளிடம் பேசினேன்.

அங்கேயும் பள்ளி வேலை நேரத்தோடு பொருந்தாது. அவள் மகனுக்கு 8.30-க்குத் தொடங்கி 4.30-க்கு முடிகிறது. புதன்கிழமை பள்ளியே கிடையாது. 2013-இல் வாரத்துக்கு நாலரை நாள் என்று மாற்றினார்கள், 2017-க்குப் பிறகு பல ஊர்கள் மறுபடியும் 4 நாளுக்கே போய்விட்டன. அவள் வேலை முடிவது மாலை 6 மணி. நடுவில் உள்ள நேரத்துக்குப் பள்ளிக் கட்டடத்திலேயே "கார்தெரி" என்று ஒன்று நடக்கிறது. ஆசிரியர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மேரி, அதாவது அந்த ஊர் நகராட்சி, தனியாக ஆட்கள் வைத்து 6.30 வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறது. மாலை 4.30-க்கு ரொட்டி, பழம். அப்புறம் விளையாட்டு, படம் வரைவது. புதன்கிழமைக்கும் நகராட்சியே ஏற்பாடு செய்கிறது. கட்டணம் குடும்ப வருமானத்தைப் பார்த்துப் போடுகிறார்கள், குறைவாகச் சம்பாதிப்பவர் குறைவாகக் கட்டினால் போதும்.

"மேரி" என்றால் நமக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் வெள்ளைக் கட்டடம்தான் ஞாபகம் வரும். 2014-இல் இடிந்து விழுந்து, அதே மாதிரி மறுபடி கட்டிய கட்டடம். அந்தச் சொல்லை நாம் வைத்துக்கொண்டோம். அந்த வேலையையும் இங்கே நகராட்சிகளிடம் கேட்க வேண்டும்.


ரோடியர் மில் வீடு, முதலியார்பேட்டை

வயது 67. அப்பா ரோடியர் மில்லில் வேலை பார்த்தார். சங்கு ஊதினால் ஊரே எழுந்திருக்கும். எங்கள் தெருவில் கடிகாரம் இருந்த வீடு குறைவு, சங்கை வைத்துத்தான் அடுப்பு பற்றவைப்பார்கள்.

எல்லோரும் பள்ளி நேரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் வேலை நேரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1936 ஜூலை 30-இல் சவானா மில்லில் பிரெஞ்சுக் காவல் படை சுட்டதில் 12 தொழிலாளிகள் செத்தார்கள். நியாயமான கூலி, நியாயமான வேலை நேரம் கேட்டுப் போராடியவர்கள். அடுத்த ஆண்டு இங்கே 8 மணி நேர வேலை சட்டமானது. இன்றும் ஜூலை 30-இல் நாங்கள் மாலை போடுகிறோம். அந்த 8 மணி நேரத்தால்தான் எங்கள் அப்பா சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்.

இப்போது என்ன நடக்கிறது? 2023 ஏப்ரலில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வேலை வாங்க வழி செய்யும் திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். எதிர்ப்பு எழுந்ததால் மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெறாமல் இருந்திருந்தால்? வேலை 12 மணி நேரம் என்றால் பள்ளியையும் 12 மணி நேரம் ஆக்கச் சொல்வோமா? வேலை நீளும்போதெல்லாம் பிள்ளையையும் சேர்த்து நீட்டிக்கொண்டே போனால் அதற்கு முடிவே கிடையாது.

சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1948 தொழிற்சாலைச் சட்டத்தில், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று எழுதினார்கள், 1976-இல் அதை 30 பெண்கள் என்று குறைத்தார்கள். 2017-இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியபோது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் காப்பகம், தாய் ஒரு நாளைக்கு 4 தடவை போய்ப் பார்த்துவரலாம் என்றார்கள். நல்ல விஷயம். ஆனால் இதெல்லாம் கைக்குழந்தைக்காக யோசித்தது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததும் "இனி பள்ளி பார்த்துக்கொள்ளும்" என்று வேலை கொடுப்பவர் கையைக் கழுவுகிறார். பள்ளியோ 4 மணிக்குக் கதவைச் சாத்துகிறது. கெடிலக்கரை மகள் மாதிரி எட்டு வயசுப் பிள்ளையை நினைத்து எழுதிய வரி ஒன்றும் அதில் இல்லை. அம்மா, உங்கள் கம்பெனியில் 8 முதல் 5 வரை ஒரு ஷிப்ட் கேட்டுப் பாருங்கள். தனியாகக் கேட்காதீர்கள், நாலு பேராகப் போய்க் கேளுங்கள்.


வில்லியனூர்க்காரன், புதுச்சேரி

ஐயா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நான் முதலில் எழுதியதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். மனைவி இரவு 9 வரை கடையில் நிற்கிறாள். அவளுக்காகப் பள்ளியை 9 வரை திறந்து வைக்கச் சொல்ல முடியாது. கடை நேரம்தான் குறைய வேண்டும், அல்லது இரண்டு ஷிப்ட் வேண்டும்.

எங்களுக்கு இன்னொரு கஷ்டம் மழை விடுமுறை. நவம்பர், டிசம்பரில் காலை 6.30-க்கு டிவியில் ஓடும்: "புதுச்சேரியில் பள்ளிகளுக்கு இன்று விடுமுறை." பிள்ளைகளுக்கு விடுமுறை, எனக்கும் அவளுக்கும் கிடையாது. 2024 ஃபெஞ்சல் புயல் சமயத்தில் வீட்டுக்குள் தண்ணீர், கரண்ட் இல்லை, பையன்கள் இருவரையும் அண்ணி வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். பள்ளி மூடியது சரியான முடிவுதான், பிள்ளைகளின் உயிர் முக்கியம். அந்த நாளில் வீட்டில் ஒருவராவது சம்பளத்தோடு இருக்க வழி வேண்டும். அதையும் இந்தப் பேச்சில் சேர்க்க வேண்டும்.


பிளஸ் டூ பெஞ்ச், கடலூர்

நான் மாணவி. என் தரப்பையும் சொல்லலாமா? எங்களுக்கு 8 மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ், மாலை 6 வரை டெஸ்ட். அப்புறம் வீட்டுப்பாடம். இரவு 12-க்குப் படுத்து 5.30-க்கு எழுகிறேன். எங்கள் வயசுக்கு 8 மணி நேரமாவது தூங்க வேண்டும் என்று உயிரியல் மிஸ்ஸே சொல்கிறார். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-லேயே மேல்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன்னால் தொடங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. கலிபோர்னியாவில் 2022 முதல் அதைச் சட்டமாகவே நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

நேரத்தை மாற்றுவதாக இருந்தால் எங்களிடமும் கேளுங்கள். பள்ளியில் இருக்கப்போவது நாங்கள்தான்.


துறைமுகத்துப் பொண்ணு, கடலூர் முதுநகர்

தங்கச்சி, நர்ஸாகச் சொல்கிறேன், நீ சொல்வது முழுக்கச் சரி. ஆறு முதல் பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். உன் வயசுக்கு 8 முதல் 10. மயக்கம் என்று வார்டுக்கு வரும் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது "நேத்து எத்தனை மணிக்குத் தூங்கினே?" என்பதுதான். சரி, இப்போது போனை வைத்துவிட்டுப் படு.


சாக்பீஸ் டீச்சர், பண்ருட்டிப் பக்கம்

கெடிலக்கரைக்கு ஒரு யோசனை. உங்கள் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும். சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அங்கே ஒரு தீர்மானமாக வையுங்கள். 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி உங்கள் தெருவிலும் நடந்திருக்கும். மாலை 5 முதல் 7-க்குள் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பழகிய தன்னார்வலர்கள் அவர்கள். அதில் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். தலைமை ஆசிரியரிடம் போகும்போது "ஆசிரியர் யாரும் நிற்க வேண்டாம்" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அவர் தோளில் இருந்து பாதிப் பாரம் இறங்கிவிடும்.


கெடிலக்கரை, திருப்பாதிரிப்புலியூர்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

குழுக் கூட்டம் வெள்ளிக்கிழமை மதியம் 3 மணிக்கு. பர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன். தலைமை ஆசிரியை நல்லவர். ஆனால் அவருக்கு ஒரு பயம் இருந்தது, அது நியாயமான பயம்: "பள்ளி நேரத்துக்கு அப்புறம் ஒரு பிள்ளை விழுந்து அடிபட்டா யாரும்மா பதில் சொல்றது?" அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினோம். கடைசியில் இப்படி முடிவு செய்தோம். பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். யார் கூட்டிப்போவார்கள் என்று இரண்டு பெயரும் போன் எண்ணும் தர வேண்டும். வேறு யார் வந்து கேட்டாலும் பிள்ளையை அனுப்பக் கூடாது. பள்ளியின் பெயரில் ஒரு ரூபாய்கூட வசூல் செய்யக் கூடாது. வராண்டாவும் முதல் அறையும் மட்டும் மாலை 6.20 வரை திறந்திருக்கும். சாவி குழுத் தலைவியிடம் இருக்கும்.

இல்லம் தேடிக் கல்வியில் இருந்த ஒரு தங்கை எங்கள் தெருவிலேயே கிடைத்தாள், தொலைதூரக் கல்வியில் பி.எட் சேர இருக்கிறாள். பெற்றோர் நாங்களே சேர்ந்து அவளுக்குக் கொடுக்கிறோம். முடியாத இரண்டு பேரிடம் கேட்கவில்லை. பாடம் நடத்த வேண்டாம் என்று டீச்சர் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன். பதினொரு பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். சித்தாள் வேலைக்குப் போகும் இரண்டு அம்மாக்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

கம்பெனியிலும் ஐயா சொன்னபடி ஐந்து பேராகப் போய் 8–5 கேட்டோம். பஸ் நேரத்தை மாற்ற வேண்டியிருக்கும், பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மறுபடியும் கேட்போம். மழை விடுமுறைக்கு எங்களுக்கு இன்னும் ஒரு வழியும் தெரியவில்லை.

திங்கட்கிழமை தொடங்கியது. வேலையில் இருந்து நேராகப் போனேன். மகள் வராண்டாவில் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தாள். "அதுக்குள்ள வந்துட்டியாம்மா" என்றாள். பூக்காரப் பாட்டி ஒரு முழம் கட்டி அந்தத் தங்கைக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

ஒரு உதவி. அங்கே விளையாட்டுச் சாமான் ஒன்றும் இல்லை. யார் வீட்டிலாவது பழைய கேரம் போர்டு, செஸ் போர்டு, ஸ்கிப்பிங் கயிறு சும்மா கிடந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.


மஞ்சள் ஆட்டோ, கடலூர்

நீங்கள் வர வேண்டாம்மா. கேரம் போர்டு எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது, கறுப்புக் காய் மட்டும் இரண்டு குறையும். நாளை மாலை டிரிப் முடிந்ததும் 4.40-க்குப் பள்ளியில் கொண்டுவந்து தருகிறேன். கேட்டை அதுவரை பூட்டாமல் வைக்கச் சொல்லுங்கள்.


மஞ்சக்குப்பம் மைதானம், கடலூர்

காய் இரண்டும் நான் வாங்கித் தருகிறேன், பவுடரும் சேர்த்து.